சட்டை போட்ட தூண்கள்

"மேல வாடா, ஒண்ணு காட்டறேன்" என்றான் நண்பன்.

ஐம்பதை நெருங்குகிறவர்கள் மொட்டைமாடிக்குக் கூப்பிட்டால் பெரும்பாலும் ரோஜாத் தொட்டியைக் காட்டுவார்கள். அல்லது புதிதாக வாங்கிய தண்ணீர் டேங்க்கை. சோலார் போட்டிருந்தால் அரைமணி நேரம் யூனிட் கணக்கு சொல்வார்கள். அந்த மாதிரி ஏதோ ஒன்றுக்குத் தயாராகத்தான் படியேறினேன்.

மேலே நின்றது ஒரு மண்டபம்!

பத்தடிக்குப் பத்தடி. கலர் ஷீட் கூரை. நடுவில் ஒரு பிரம்பு நாற்காலி, பக்கத்தில் காபி டம்ளர் வைக்க ஸ்டூல். நான்கு மூலையிலும் நான்கு வெள்ளைத் தூண்கள். ஒன்பதடி உயரம். மேலிருந்து கீழ் வரை கோடுகோடாகப் பள்ளம் இழைத்து, உச்சியில் இலையும் பூவும் வைத்து, கிரேக்க தேசத்திலிருந்து நேராகத் தாம்பரம் பக்கம் வந்து இறங்கின மாதிரி.

"யாருடா செஞ்சது?"

"நான்தான்."

நம்பவில்லை. இவனும் நானும் மதுரையில் ஒன்றாக பி.காம். படித்தவர்கள். சுவரில் ஆணி அடிக்கக்கூட அவன் ஆள் கூப்பிடுவான் என்பது எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற அவன் மனைவி, "நிஜமாத்தாண்ணே. ரெண்டு மாசமா ஞாயித்துக்கிழமை ஆனா மாடிதான். சிமென்ட்டு வாசனையோட சாப்பிட வருவாரு" என்று சாட்சி சொன்னார்.

செய்முறையை அவனே விளக்கினான். முதலில் இரண்டு அங்குல ஜி.ஐ. பைப். அதன் அடியில் இரும்புத் தகடு வெல்டிங் வைத்து, போல்ட் போட்டு மாடித் தரையில் முடுக்கியாயிற்று. கூரை நிற்பது இந்த இரும்புக் கம்பத்தின் மேல்தான். அதைச் சுற்றிச் சட்டை மாதிரி ஆறு அங்குல பி.வி.சி. பைப். பிளாஸ்டிக்கில் சிமென்ட் ஒட்டாது. அதனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கோழி வலை சுற்றி, அதன் மேல் ஒன்றுக்கு நாலு கலவை. ஈரம் காய்வதற்குள் மரச்சட்டத்தை வைத்து அழுத்தி இழுத்துப் பள்ளக் கோடுகள். அடியில் இருக்கும் வட்டத்துக்கு, துணி ஊறவைக்கிற பிளாஸ்டிக் பேசின்தான் அச்சு. உச்சியில் இருக்கிற இலையும் பூவும் மட்டும் ஃபால்ஸ் சீலிங் வேலை செய்கிற கடையில் வாங்கியவை, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்தவை. ஏழு நாள் சாக்கு சுற்றித் தண்ணீர் ஊற்றி, இரண்டு கோட் வெள்ளை பெயின்ட்.

"எப்படிடா இருக்கு?" என்றான்.

"சூப்பர்" என்றேன்.

* * *

வீட்டுக்கு வந்த பிறகு அந்த 'சூப்பர்' உறுத்தியது. படம் எடுக்கிறவர்கள், பாட்டு எழுதுகிறவர்கள், மேம்பாலம் கட்டுகிறவர்கள் என்று ஊரில் ஒருத்தரையும் விடாமல் வாரா வாரம் குறை சொல்லி எழுதுகிறவன் நான். இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு ஒருவன் ஒன்றைச் செய்து காட்டினால், அவனுக்கு மட்டும் ஒற்றை வார்த்தையில் சர்ட்டிஃபிகேட் கொடுத்துவிட்டு வந்தால் எப்படி?

போன் பண்ணினேன். "உன் தூணைப் பத்தி விமர்சனம் எழுதப்போறேன்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "எழுதிக்க. பேரைப் போடாதே" என்றான்.

எனவே இது விமர்சனம். படத்துக்கு எழுதுகிற மாதிரியே, ஒளிவுமறைவில்லாமல்.

* * *

இந்த மாதிரித் தூண்களைப் பார்த்தவுடன் படித்தவர்கள் சொல்லும் முதல் குற்றச்சாட்டு, 'போலி' என்பது. தட்டினால் டொக் டொக் என்கிறது. உள்ளே காற்று. எதையும் தாங்காத தூண் எதற்கு? கணக்குப் பதிவியலில் இதற்கு 'விண்டோ டிரெஸ்ஸிங்' என்று பெயர். வருஷக் கடைசியில் பாலன்ஸ் ஷீட்டுக்குப் பவுடர் பூசிக் காட்டுவது.

இந்தக் குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. ஏற்றால் பெரிய பெரிய ஆட்களையெல்லாம் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும்.

ரோமாபுரியின் கொலோசியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கி.பி. 80-ல் திறந்தது. வெளிச்சுவரில் மாடிக்கு மாடி, வளைவுகளுக்கு இடையே பாதி வெளியே தெரிகிற அரைத்தூண்கள். அடுக்குக்கு ஒரு பாணி. கட்டடத்தைத் தாங்குவது அந்த வளைவுகளும் அவற்றின் கனத்த கால்களும்தான். தூண்கள் முழுக்க முழுக்க அலங்காரம். ஏறக்குறைய 2,000 வருஷமாக யாரும் அதைப் போலி என்று சொல்லவில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள்.

சென்னைக்கு வருவோம். அரசினர் தோட்டத்தில் இருக்கும் ராஜாஜி ஹால். திப்பு சுல்தானை வென்றதன் நினைவாக 1802-ல் கட்டி முடித்தது. அப்போது அதற்கு விருந்து மண்டபம் என்று பெயர். வரைந்து கொடுத்தவர் ஜான் கோல்டிங்ஹாம் என்கிற வானியல்காரர். சுற்றிலும் கிரேக்கக் கோயில் பாணியில் தூண் வரிசை. எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி மூவருக்கும் ஜனங்கள் கடைசி அஞ்சலி செலுத்தியது அந்தத் தூண்களின் முன்னால்தான். கிரேக்கத்தில் சலவைக்கல்லில் செய்ததை, அந்தக் கால மெட்ராஸில் செங்கல் கட்டி, கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசி, சலவைக்கல் போலப் பளபளப்பாகத் தேய்த்துச் செய்தார்கள். 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்று அந்தப் பூச்சுக்குக் கடல் தாண்டிப் பெயர் இருந்தது.

இதெல்லாம் எதற்கு? நண்பனுக்கு இந்த ஆசை வந்த ஊரிலேயே சாட்சி இருக்கிறதே. அவன் பிறந்து வளர்ந்தது மதுரை, விளக்குத்தூண் பக்கம். திருமலை நாயக்கர் மஹால் கூப்பிடு தூரம். 1636-ல் கட்டியது. திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதர் காலத்திலேயே பாதியைப் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது நாம் பார்ப்பது பழைய அரண்மனையில் நாலில் ஒரு பங்குதான் என்கிறார்கள். அந்தப் பங்கே கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வைக்கிறது. பள்ளிக்கூடத்து நாட்களில் லீவு விட்டால் அவன் அப்பா அங்கே கூட்டிக்கொண்டு போவாராம். ஒரு தூணை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் கட்டிப்பிடித்துக் கை கோக்கப் பார்ப்பார்களாம். ஒருநாளும் கை எட்டியதில்லை. நாற்பது வருஷம் கழித்து மொட்டைமாடியில் தூண் வைக்கத் தோன்றியதற்குக் காரணம் கிரேக்கம் இல்லை, அந்த எட்டாத கைதான் என்று நினைக்கிறேன்.

அந்த மஹால் தூணில் நம் கண்ணுக்குத் தெரிவது என்ன? சுண்ணாம்புச் சுதை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்துப் பூசி வழவழப்பாக்கியது என்று சொல்வார்கள். சுமை தாங்குகிற கட்டுமானம் அதற்கு உள்ளே இருக்கிறது. ஆக, மஹால் தூணும் சட்டை போட்ட தூண்தான்.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பத்துத்தூண் சந்து. ஜவுளிக் கடைகளுக்கு நடுவே பத்துக் கல்தூண்கள் வரிசையாக நிற்கும். அரண்மனையின் மிச்சம். அசல் கருங்கல். ஆனால், அவற்றின் தலைமேல் இன்று எதுவும் இல்லை. வானம்தான். அதாவது, பூச்சுப் பூசிய தூண் அங்கே கூரையைத் தாங்குகிறது; அசல் கல்தூண் இங்கே எதையும் தாங்காமல் சும்மா நிற்கிறது. இதில் எது அசல், எது போலி?

எனவே போலி என்கிற குற்றச்சாட்டிலிருந்து நண்பனை விடுதலை செய்கிறேன். ஆனால், கேஸ் முடியவில்லை. இன்னும் மூன்று குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. மூன்றும் கொஞ்சம் கனமானவை.

* * *

முதல் குற்றம், அளவு.

அந்தத் தூண்களைப் பார்த்தவுடன் ஏதோ இடித்தது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டதும் புரிந்தது. உயரம் 9 அடி, அதாவது 108 அங்குலம். பருமன், பூச்சையும் சேர்த்து ஏறக்குறைய 7 அங்குலம். வகுத்தால் 15 மடங்குக்கு மேல்.

கி.மு. முதல் நூற்றாண்டில் விட்ருவியஸ் என்று ஒரு ரோமானியக் கட்டடக்காரர் இருந்தார். கட்டடக் கலையைப் பற்றிப் பத்துப் பாகத்தில் புத்தகம் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதில் ஒரு சுவையான விஷயம். கிரேக்கர்கள் தூணுக்கு அளவு தேடியபோது மனிதனின் பாதத்தை அளந்தார்களாம். ஆணின் உயரம் பாதத்தைப் போல் ஆறு மடங்கு. எனவே தூணின் உயரமும் அடிப் பருமனைப் போல் ஆறு மடங்கு. பெண்ணின் சாயலில் செய்த இன்னொரு வகைத் தூணுக்கு எட்டு மடங்கு. பின்னால் வந்தவர்களுக்குக் கொஞ்சம் ஒல்லி பிடித்துப்போனதால் அது ஏழு, ஒன்பது என்று மாறியதாம்.

ஏழு முதல் ஒன்பது. நண்பனுடையது பதினைந்து. இலைத் தலைப்பாகை கட்டிய ஒட்டடைக்கம்பு.

கிரேக்கர்களை விடுங்கள். தூணுக்குத் தமிழில் பழைய பெயர் என்ன? 'கால்.' ஆயிரங்கால் மண்டபம், நூற்றுக்கால் மண்டபம், பந்தக்கால். அவர்கள் பாதத்தை அளந்து கண்டுபிடித்ததை நாம் பெயரிலேயே வைத்திருக்கிறோம். கால் என்றால் அது ஒரு உடம்பைத் தாங்குகிற மாதிரி இருக்க வேண்டாமா?

மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் எண்ணினால் 985 தூண்கள்தான். (பதினைந்து குறைகிறது. ஆடிட்டர் கண்ணில் பட்டால் குறிப்பு எழுதுவார்.) எதற்கு அத்தனை? அழகுக்கு மட்டுமா? இல்லை. கல்லுக்கு ஒரு சுபாவம் உண்டு. மேலிருந்து அமுக்கினால் எவ்வளவும் தாங்கும். வளைய வைத்தால் ஒடியும். இரண்டு தூணுக்கு நடுவே கல் உத்திரம் கொஞ்ச தூரம்தான் போக முடியும். நீளம் கூடினால் நடுவில் விரிசல். அதனால் கிட்டக்கிட்டத் தூண். பெரிய மண்டபம் என்றால் தூண் காடு.

தூணின் தலையில் இருபுறமும் கை நீட்டுகிற மாதிரி ஒரு கல் இருக்குமே, போதிகை, அதுவும் அலங்காரத்துக்காக வந்ததல்ல. உத்திரத்துக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, தாண்ட வேண்டிய தூரத்தைக் குறைக்கிற வேலை அதற்கு. அந்தக் கையில் வாழைப்பூ மாதிரி மொட்டு தொங்கவிட்டது பிறகு வந்த ரசனை. முதலில் வேலை, அப்புறம் அழகு.

கம்பி கட்டிய கான்கிரீட் வந்து இதையெல்லாம் மாற்றிவிட்டது. ஒன்பது அங்குலச் சதுரத்துக்கு ஒரு தூண் போட்டால் வீட்டை நிறுத்திவிடலாம். பதினைந்தடி தாண்டி உத்திரம் போகும். தூண் ஒல்லியாகலாம், குறையலாம், சுவருக்குள் மறையலாம். ஆனால், நம் கண் மட்டும் இன்னும் கல் காலத்திலேயே இருக்கிறது. ஒல்லித் தூணின் மேல் பெரிய கூரையைப் பார்த்தால் அதற்குப் பயம். அந்தப் பயத்துக்குப் போர்த்துகிற சட்டைதான் அலங்காரத் தூண். தப்பே இல்லை. ஆனால், சட்டை உடம்புக்கு அளவாக இருக்க வேண்டும்.

இன்னொரு அளவும் இருக்கிறது. நண்பனின் தூண் மேலும் கீழும் ஒரே பருமன். பைப் அப்படித்தானே வரும்? ஆனால், மேலே போகப்போகத் தூண் லேசாக இளைக்க வேண்டும். 15 அடிக்குள் இருக்கிற தூணுக்கு, அடிப் பருமனை ஆறு பங்காக்கி அதில் ஐந்து பங்கை உச்சிக்கு வை என்கிறார் விட்ருவியஸ். தென்னை மரத்தைப் பாருங்கள், பனையைப் பாருங்கள். அடி பெருத்து மேலே இளைத்துத்தான் நிற்கும். ஒரே பருமனில் நிற்பது மின்கம்பத்தின் மேல் ஏறும் கேபிள் குழாய்தான்.

* * *

இரண்டாவது குற்றம், மழை.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்பது ஜிப்சம். தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையக்கூடியது. கூடத்து சீலிங்கில் வைத்தால் நம் ஆயுசுக்கும் இருக்கும். மொட்டைமாடியில் வைத்தால் ஐப்பசி வரை இருக்கும். நான் போனபோதே இரண்டு கோடை மழை பெய்திருந்தது. மேற்குப் பக்கத்துத் தூணின் இலைகள் ஓரத்தில் மழுங்கி, ஈரம்பட்ட அப்பளம் மாதிரி வளைய ஆரம்பித்திருந்தன. பெயின்ட் ஒரு மழைக்கோட்டு ஆகாது. வெளியே வைக்கிற எந்த அலங்காரமும் சிமென்ட்டிலோ, கண்ணாடி நார் கலந்த சிமென்ட்டிலோதான் இருக்க வேண்டும். மேல்புறம் தண்ணீர் நிற்காமல் சரிய வேண்டும். கீழ் விளிம்பில் ஒரு சின்னக் காடி இழுத்தால், வழிகிற நீர் தூணோடு ஒட்டி இறங்காமல் அங்கேயே சொட்டிவிடும். பழைய வீடுகளின் ஜன்னல் சன்ஷேடுக்கு அடியில் அந்தக் காடி இருக்கும், தடவிப் பாருங்கள்.

பி.வி.சி.க்கும் ஒரு குணம். வெயிலில் சிமென்ட்டைவிட நாலைந்து மடங்கு அதிகமாக விரியும், ராத்திரியில் அதே மாதிரி சுருங்கும். சென்னை மாடி வெயிலில் தினம் இந்த இழுபறி. கோழி வலை இருக்கிறதோ, பூச்சு பிழைத்ததோ. ஆனாலும் தூணின் மேல்முனையில் பைப்புக்கும் பூச்சுக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட வேண்டும். நண்பன் விடவில்லை. இரண்டு தூணில் மயிரிழை விரிசல் விட்டிருந்தது. இதை அன்றே கவனித்தேன். சொல்லவில்லை.

* * *

மூன்றாவது குற்றத்தை நான் கண்டுபிடிக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருவர் கண்டுபிடித்தார். விமர்சனம் எழுதுகிறவன் நாலு பேரைக் கேட்டு எழுத வேண்டுமே என்று அவரிடம் போட்டோவைக் காட்டினேன். இலை, பூ, கோடு எதையும் அவர் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"இந்த போல்ட் எது வரைக்கும் இறங்கியிருக்கு ஸார்?"

"நாலு அங்குல போல்ட்னு சொன்னார் ஸார்."

"தளம் எவ்வளவு கனம்?"

எந்தத் தளம் என்று எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். நம் பக்கத்துப் பழைய மொட்டைமாடிகளில் காலில் படுவது தட்டோடு. அதன் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், மூன்று அங்குலம்போல. வெயில் இறங்காமலும் மழைத் தண்ணீர் ஓடவும் போடுவது. அதற்கும் கீழேதான் கான்கிரீட். ஆக, தகட்டின் கனம், தட்டோடு, ஜல்லி எல்லாம் போக, நண்பனின் நாலு அங்குல போல்ட் கான்கிரீட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறது. அது பிடித்துக்கொண்டிருப்பது செங்கல் ஜல்லியை.

"கூரை கனமே இல்லையே ஸார், நூறு கிலோகூட வராது. ஜல்லி தாங்காதா?" என்றேன்.

அவர் சிரித்தார். "தாங்கும். பிடிச்சு வைக்குமா?"

அந்தக் கேள்வியில்தான் தூணைப் பற்றி இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தது தலைகீழாயிற்று. தூண் என்றால் தாங்குவது என்றுதானே நமக்கு நினைப்பு? கல் மண்டபத்துக்கு அது சரி. ஷீட் போட்ட கொட்டகைக்குத் தூணின் வேலையே வேறு. கூரை கீழே விழாமல் தாங்குவதல்ல, மேலே பறக்காமல் பிடித்து வைப்பது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால், பத்துக்குப் பத்து கூரையை மேலே தூக்குகிற விசை ஏறக்குறைய அரை டன் வரும் என்று பேப்பரில் போட்டுக் காட்டினார். 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது. அன்று தெருத்தெருவாகப் பறந்து போய் அடுத்த வீட்டில் விழுந்த ஷீட்டுகளை நானே பார்த்திருக்கிறேன்.

இதுவும் நம் பாஷையில் முன்னமே இருக்கிறது. கல்யாணத்துக்குப் பந்தக்கால் 'வைக்கிறோம்' என்று சொல்வதில்லை, 'நடுகிறோம்' என்கிறோம். நாற்று நடுகிற மாதிரி, மண்ணுக்குள் இறக்கி. கீற்றுப் பந்தலுக்கு என்ன கனம்? காற்றுக்காகத்தான் அந்த நடவு. மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, சாமி கும்பிட்டு நடுகிறோமே, அதன் நடுவில் ஒரு இன்ஜினீயரிங் உத்தரவும் இருக்கிறது.

அன்று சாயந்திரமே நண்பனுக்குப் போன் பண்ணினேன். விமர்சனமெல்லாம் அப்புறம். முதலில் அந்த ஷீட்டைக் கழற்று என்றேன். கீழே தெருவில் பள்ளிக்கூட வேன் நிற்கிற இடம்.

கோபம் வந்தது அவனுக்கு. "அன்னிக்கு சூப்பர்னு சொன்னியேடா?"

* * *

இந்த இடத்தில் நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதற்கு நண்பன் கொத்தனாரையே கூப்பிட்டிருந்தால்? அதுவும் நடந்திருக்கிறது. முதலில் ஒருவர் வந்து பார்த்து, வாடகைக்கு ஃபைபர் அச்சு எடுத்து வந்து, கம்பி நிறுத்தி, கான்கிரீட் ஊற்றி, 'கெட்டியா' நான்கு தூண் தருகிறேன் என்றிருக்கிறார். இப்போது புறநகரில் பாதி வீடுகளின் போர்ட்டிகோவில் நிற்பது அந்த அச்சுத் தூண்கள்தான். தெருவுக்குத் தெரு ஒரே தூண். ஒன்பதடி போர்ட்டிகோவுக்கும் அதே அச்சு, பதினோரடிக்கும் அதே அச்சு. உயரம் போதாவிட்டால் நடுவில் ஒரு துண்டு சேர்ப்பார்கள், கழுத்தில் பட்டி போட்ட மாதிரி.

தரையில் அஸ்திவாரத்தோடு நின்றால் அதில் ஆபத்தில்லை, அலுப்புதான். மொட்டைமாடியில்? ஓரடிப் பருமனில் ஒன்பதடிக் கெட்டித் தூண் ஒன்று ஏறக்குறைய அரை டன். நான்கும் சேர்ந்தால் இரண்டு டன். ஜனங்கள் ஏறி நடமாடுகிற மொட்டைமாடிக்கு இந்தியத் தர விதி கணக்கு வைப்பது சதுர மீட்டருக்கு 150 கிலோ. தூண் உட்காருகிற இடமோ ஒரு சதுர அடி. அடியில் உத்திரம் இல்லாமல் வெறும் தளத்தில் அதை நிறுத்துவது, வீட்டுக்குள் யானையை ஒற்றைக் காலில் நிற்க வைக்கிற மாதிரி.

எனவே, மாடியில் தட்டினால் டொக் டொக் என்று கேட்கிற தூணே யோக்கியமான தூண். 'கெட்டி' என்று பெயர் வாங்கியதுதான் வீட்டை ஏமாற்றுகிறது. இந்த விஷயத்தில் கொத்தனாரைவிட என் நண்பனுக்கு மதிப்பெண் அதிகம். அச்சில் வார்த்தவருக்குத் தன் தூண் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியாது. இவனுக்கு ஒவ்வொரு அங்குலமும் தெரியும். தப்பும் அவனுடையது என்பதால் திருத்தவும் அவனால் முடிந்தது.

* * *

திருத்தினான். இன்ஜினீயரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துச் சொன்ன யோசனை. நான்கில் இரண்டு தூண்களுக்கு அடியில் உத்திரம் இருந்தது. மற்ற இரண்டையும் ஒன்றரை அடி நகர்த்தி உத்திரத்தின் மேல் கொண்டுவந்தார்கள். கால் நிற்கிற இடத்தில் தட்டோட்டையும் ஜல்லியையும் வெட்டி எடுத்து, கான்கிரீட்டுக்குள் துளை போட்டு, ரசாயனப் பசை ஊற்றிக் கம்பி நட்டார்கள். ஆமாம், நட்டார்கள். அதன் மேல் இரண்டடி உயரத்துக்கு ஒரு பீடம். நடுவில் ஒன்பது அங்குலச் சதுரத்துக்குக் கம்பி கட்டிய கான்கிரீட். சுற்றிலும் கனமில்லாத ஏ.ஏ.சி. பிளாக். ஓரங்களில் தண்ணீர் இறங்காமல் பூச்சு.

பீடம் வந்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. ஒன்பதடித் தூண் ஏழடியாயிற்று. 84 அங்குலம். பழைய பைப்பைச் சுற்றி இன்னொரு வளையம் கோழி வலை கட்டி, அடியில் 10 அங்குலம், உச்சியில் எட்டேகால் என்று இளைத்துப் பூசினான். 84-ஐப் பத்தால் வகுத்தால் எட்டும் சொச்சமும். விட்ருவியஸ் பாஸ் மார்க் போடுவார். காற்றுக்காக வைத்த பீடமே அளவையும் சரிபண்ணிவிட்டது.

இதுதான் நான் இந்த விமர்சனத்தில் சொல்ல வந்தது. தூணின் பீடம், இளைப்பு, போதிகை, சொட்டுக் காடி எல்லாமே ஒரு காலத்தில் வேலைக்கு வந்தவை. அழகு பின்னால் வந்து சேர்ந்தது. கடையில் அழகை மட்டும் வாங்கி ஒட்டினால் அது உதிரும். வேலையைத் திரும்பக் கொடுத்தால் அழகு கூடவே வந்து உட்காரும். அலங்காரம் பண்ணுங்கள், தாராளமாகப் பண்ணுங்கள், உங்கள் கையாலேயே பண்ணுங்கள். பண்ணுவதற்கு முன்னால், இது எதைத் தாங்குகிறது, எதைப் பிடிக்கிறது, மழை எப்படி வழியும் என்று மூன்று கேள்வி கேளுங்கள். போல்ட் விஷயத்துக்கு மட்டும் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

போன வாரம் போயிருந்தேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. மண்டபத்துக்குள் உட்கார்ந்து காபி குடித்தோம். உச்சியில் இலையும் பூவும் இல்லை. அந்த இடத்தில், பேசினில் வார்த்த சிமென்ட் வட்டம் ஒன்று, அதன் மேல் ஒரு சதுரப் பலகை. அவ்வளவுதான். பலகையின் விளிம்பிலிருந்து மழை தூணைத் தொடாமல் சொட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப எப்படிடா இருக்கு?"

"நல்லா இருக்கு. மூணாவது தூண்ல கோடு லேசா கோணல். மத்தபடி நல்லா இருக்கு" என்றேன்.

"அப்ப முதல் நாள் சொன்ன சூப்பர்?"

"அதுதாண்டா போலித் தூண். எதையும் தாங்கலை."

அவன் மனைவி உள்ளேயிருந்து சிரித்தார். அவன் எழுந்து போய் மூன்றாவது தூணைத் தடவிப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் அதைக் கட்டிப்பிடித்தான். இந்தத் தூணில் கை எட்டியது.